வீட்டில் சொல்லிப் பார்க்காத வரி

அந்த ஊரில் யாருக்கு என்ன பேச வேண்டியிருந்தாலும், அது சவுண்டக்காவின் பெட்டி வழியாகத்தான் ஊர்க் காதுக்குப் போகும். பள்ளி ஆண்டு விழா, கடை திறப்பு, கட்சிக் கூட்டம், எதற்கும் அவளுடைய மைக்கும் ஒலிபெருக்கியும்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. கூடப் பிறந்த அண்ணனே அவளைச் சவுண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவளுடைய அப்பா ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பாவாடை கட்டிய வயதிலேயே ஈயம் உருக்கி ஒயர் ஒட்டக் கற்றுக்கொண்டவள். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் குறைந்ததும், தலையில் கை வைத்து உட்காரவில்லை. கடையை விற்று ஆம்ப்ளிஃபயர் வாங்கினாள். பெட்டி தூக்கவும் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கி கட்டவும் ஒரு ஆள் தேவைப்பட்டபோது, கட்டிக்கொண்ட வீட்டுக்காரரே அதற்கும் ஆளானார்.

வீட்டுக்காரர் ஒரு கட்சி, அக்கா நேர் எதிர்க்கட்சி. இதைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மீதி வழியெல்லாம் இருவரும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாக நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர், "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டார். அதோடு சமாதானம்.

சமாதானம் என்றால் அன்றைக்கு மட்டும். மறுநாளிலிருந்து காலையில் பேப்பர் வந்தால் வீடு ரெண்டுபடும். புதிதாகக் குடிவந்தவர்கள் அடிதடியோ என்று எட்டிப் பார்ப்பார்கள். பழைய ஆட்கள் மணி எட்டாகிவிட்டது என்று கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். "உங்க ரெண்டு பேர் ஓட்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடுது. பேசாம வீட்டுலயே படுத்துக்கலாமே" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தால், "நான் படுத்துக்குவேன். இவரு திருட்டுத்தனமா போய்ப் போட்டுட்டு வந்துடுவாரே" என்பாள் அக்கா.

வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை: கட்சி மேடையில் ஏறிப் பேச வேண்டும். இருபது வருஷமாகப் பசை கிண்டியிருக்கிறார், சுவரொட்டி ஒட்டியிருக்கிறார், கூட்டத்துக்கு நாற்காலி விரித்து, எல்லாரும் போன பிறகு அதையே மடித்தும் வைத்திருக்கிறார். பேசு என்று ஒருத்தர் சொன்னதில்லை. நகராட்சித் தேர்தல் நெருங்கும்போது வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்சிச் செயலாளர் இவரைப் பார்த்து, "நீங்கதான் பேசுறீங்க. சரியாப் பேசினா இனி எல்லாக் கூட்டத்துலயும் உங்களுக்கு இடம் உண்டு" என்றார். அன்று வீட்டுக்கு வந்த மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தினமும் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. அவர் கூடத்தில் நின்று முழங்குவார். அக்கா ஒயர் சுற்றிக்கொண்டே கேட்பாள். நகராட்சி அவளுடைய கட்சியின் கையில் இருந்தது. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடாததிலிருந்து, எரியாத தெருவிளக்கு வரைக்கும் அவர் பிடிபிடியென்று பிடித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

"ஏங்க, 'பள்ளம்'னு சொல்லும்போது மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இல்லேன்னா அந்த 'ப' காதுல பொத்துன்னு அடிக்கும். அப்புறம், அந்தத் தெருவிளக்கை முதல்ல சொல்லுங்க. கை தட்டுவாங்க."

தன் கட்சியை வெட்ட வந்த கத்தியைத் தானே தீட்டிக் கொடுத்தாள். இதைக் கேள்விப்பட்டு, அவள் கட்சியைச் சேர்ந்த தையல்காரம்மா வீடு தேடி வந்துவிட்டாள். "உனக்கென்ன கிறுக்கா? அவரு பேசுற நேரம் பார்த்து ஒரு ஒயரை லேசா ஆட்டிவிடு. கரகரன்னு கேட்டா கூட்டம் எந்திரிச்சுப் போயிடும்."

"கரகரன்னு கேட்டா அவங்க கட்சி பேரா கெடும்? என் பேருதான் கெடும்" என்றாள் அக்கா. "அதோட, அவங்க சொல்றது ஒழுங்கா காதுல விழுந்தாத்தானே நாம ஒழுங்கா திட்ட முடியும்?"

கூட்டத்து நாள் வந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மேடை. மேடைக்குப் பக்கவாட்டில் அக்காவின் மேஜை. அதன் மேல் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் அறிவிப்புக்கென்று ஒரு சின்ன மைக். வீட்டுக்காரர் பேச எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு சிவப்பு வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா சின்ன மைக்கில், "சிவப்பு வண்டிக்காரங்க தயவுசெஞ்சு வண்டியை எடுங்க" என்று சொல்லி நிமிர்ந்தாள். தேய்த்த வெள்ளைச் சட்டையில் அவர் படி ஏறிக்கொண்டிருந்தார். கையில் பேச்சு எழுதின காகிதம்; ஒரு படியைத் தவறவிட்டுச் சமாளித்தார். அக்காவின் கண் அவரை விட்டு நகரவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தப் பொத்தானையும் மறக்காதவள், சின்ன மைக்கை அணைக்க மறந்தாள்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். தெருவிளக்கைச் சொன்னார், கை தட்டினார்கள். 'பள்ளம்' வந்தபோது சொல்லிவைத்தபடி தள்ளி நின்றார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அவர் மேடையில் உட்கார்ந்திருந்த செயலாளரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுறவங்க ஒருத்தருக்குக்கூட நாட்டுப்பற்று கிடையாது! அவங்க இந்த மண்ணோட துரோகிங்க!"

அக்காவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திட்டினதற்காக அல்ல, திட்டு அவளுக்குப் பழக்கம்தான். தன்னிடம் மறைத்து வைத்திருந்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. தனக்குள்தான் முணுமுணுத்தாள்.

"இந்த வரி வீட்டுல இல்லையே!"

அது நாலு ஒலிபெருக்கியிலும் கணீரென்று கேட்டது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். முன்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அது அப்படியே கடைசி வரிசை வரை பரவியது. இருபது வருஷம் காத்திருந்த மனிதரை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டோமே என்று அக்காவுக்கு அழுகை முட்டியது.

செயலாளர் துள்ளி எழுந்தார். "அந்த மைக்கைப் புடுங்குங்க! அந்தம்மாவை முதல்ல வெளியே அனுப்புங்க!" இரண்டு பேர் மேஜையை நோக்கி வந்தார்கள்.

"யாரும் அவ மைக்கைத் தொடக் கூடாது" என்றார் வீட்டுக்காரர், மேடையிலிருந்தே. சிரிப்பு அடங்கியது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ சொல்றது நிஜம்தாங்க. பேச்சு முழுக்க வீட்டுல அவ முன்னாடி சொல்லிப் பார்த்தேன். இந்த ஒரு வரியை மட்டும் குளியலறையில, குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். பொண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வரியை ஊருக்கு முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துல கொடி ஏத்துற அன்னிக்குக் காசு வாங்காம மைக் போடுறவ அவ. தேசிய கீதம் முடியுற வரைக்கும் கண்ணைத் துடைக்கக்கூட கையை அசைக்க மாட்டா. அவளைப் போய்த் துரோகின்னு சொன்னா என் வாய் அழுகிடும். அந்த வரியை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இது தேசிய கீதம் இல்லையே, துடைக்கலாம்.

"ஆனா" என்று அவர் விரலை நீட்டினார், "அவ கட்சி நடத்துற நகராட்சி இருக்கே, அது உருப்படாதுங்க!"

அதன்பின் மனிதர் பின்னி எடுத்துவிட்டார். கையிலிருந்த காகிதத்தைப் பார்க்கவே இல்லை. அக்கா சின்ன மைக்கை அணைத்தாள்; அவர் குரலுக்கு இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினாள். தன் கட்சி வாங்கின ஒவ்வொரு அடியும் பேருந்து நிலையத்தின் கடைசி மூலை வரை தெளிவாகக் கேட்கும்படி பார்த்துக்கொண்டாள். கை தட்டல் ஓய வெகு நேரமானது.

செயலாளர் மட்டும் தட்டவில்லை. கீழே இறங்கியவரிடம், "இனிமே உங்களுக்கு மேடை கிடையாது. நாற்காலியோட நிறுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவரும் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா ஓட்டினாள், அவர் ஒயர்ச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைத்தெரு தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள்.

"பள்ளத்தைப் பத்தி நீங்க சொன்னது அத்தனையும் தப்பு. குழாய் வந்து சேரல, அதான் மூடல."

"நாளைக்குப் பேப்பர் வரட்டும், பேசிக்கலாம்."

"மறுபடி மேடை தர மாட்டாங்களா?"

"தர மாட்டாங்க."

"என்னாலதானே?" அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். "அந்த மைக் போட்டபடி இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அணைச்சிருப்பேன்."

"நல்லவேளை, தெரியல" என்றார் அவர். "அணைச்சிருந்தா நல்லாப் பேசினோம்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்திருப்பேன். நீயும் அந்த வரியைப் பத்தி ஒண்ணும் கேட்காம மனசுக்குள்ளயே வெச்சிருப்ப."