ஐந்தாவது கேள்விக்கு எழுதிய பதில்

1972 ஜூன் 14, புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். குழாயில் மூன்று குடம் தண்ணீர் பிடித்து வைத்தேன். ஆறே காலுக்குக் காபி. ஒன்பதே முக்காலுக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் என் மேசைக்கு முன் உட்கார்ந்தாயிற்று. வந்திருந்த சேலைகளுக்கு எண் போட்டு, நீள அகலம் எழுதி முடிக்கப் பொழுது சரியாக இருந்தது. மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பினேன்.

மனைவி உள்ளறையில் தன் தம்பியின் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். குறுக்கே ஓடும் ஊடைப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் ஏற்றும் வேலை அது. இழை பறக்கக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தியிருந்தாள்.

ஆகஸ்டில் நாங்கள் இருவரும் சென்னையிலிருந்து கப்பலில் பினாங்கு போவதாக இருந்தோம். மகள் அங்கே வாழ்க்கைப்பட்டு நான்கு வருஷம். மனைவி திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. கப்பல் என்றதிலிருந்து அவள் நடையே மாறியிருந்தது. வெளிநாட்டில் வைத்தியம் பார்ப்பது சுலபமில்லை, இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று மருமகன் எழுதியிருந்தார். அது கைக்கு வராமல் கப்பல் ஏறுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். அதை மனைவியிடமும் சொல்லியிருந்தேன்.

ஆறு மணிக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் செவிலிமேட்டிலிருந்து சைக்கிளில் வந்தார். முப்பது வயதிருக்கும். இரண்டு விண்ணப்பப் பாரங்களை விரித்து வைத்தார். முதலாவது விபத்துக்கு மட்டும், கேள்வியே கிடையாது. இரண்டாவது நோய்க்கும் சேர்த்து. கப்பலிலும் இறங்கும் ஊரிலும் ஆகும் வைத்தியச் செலவைத் தரும். அதில் ஆறு கேள்விகள். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது கேள்வி, கடந்த இரண்டு வருஷத்தில் வேலையை நிறுத்தும்படி நோய் ஏதும் வந்ததா என்பது. மனைவியின் பாரத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். மனதறிந்த பொய் இல்லை அது.

ஏஜெண்ட் பாரத்தை வாங்கவில்லை. உள்ளறைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

“சார், உள்ள அம்மாவா? மூச்சு விசிலடிக்குதே.”

“அது புகைங்க. பின்னாடி சாயம் காய்ச்சுறாங்க இல்ல? இன்னிக்கு அடுப்பு மூட்டியிருக்காங்க. புகை ஏறிடிச்சு.”

“ஏறினா இன்னா ஆவும்?”

“ரெண்டு நாள் படுப்பா. அப்புறம் சரியாயிடும். தெருவுல எல்லாருக்கும் வர்றதுதான்.”

“தெருவுக்கே வந்தா அது நோயில்லியா சார்?”

 எங்கள் தெருவில் காய்ச்சல் என்றால் நோய், பேதி என்றால் நோய். சாய அடுப்பின் புகை ஏறுவதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. அதற்காக டாக்டரிடம் போனவரும் இல்லை. எழுந்து போய் அந்த வருஷத்து டைரியை எடுத்து வந்தேன். ஜனவரியிலிருந்து புரட்டினேன். ‘புகை. தார் சுற்றவில்லை.’ என் கையெழுத்தில் பத்தொன்பது நாள். மார்ச்சில் தொடர்ந்து நான்கு நாள். தினமும் எழுதியவன் ஒரு முறையும் சேர்த்துப் படிக்கவில்லை.

மனைவி வெளியே வந்துவிட்டாள். “அதெல்லாம் எழுதாதீங்க. அத்த பாத்துட்டு கம்பெனிக்காரங்க குடுக்கமாட்டேன்னுட்டா? நீங்க என்னெ இங்கியே உட்டுடுவீங்க.”

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு; எங்களோடு தமிழ். “ஏன்க்கா, ஊருக்கே ஏறுற புகை, உனக்கு மட்டும் கடுதாசியில ஏறணுமா? கடல்ல ஏது சாய அடுப்பு? பேசாம போய்ட்டு வா!”

மனைவி சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்க நேரமாயிற்று.

“அம்மா,” என்றார் ஏஜெண்ட், “இல்லைன்னு எழுதினா இப்பவே வாங்கிக்கினு போயிடுவேன். எனக்கும் ஒரு பாலிசி ஆச்சு. அங்க நீங்க ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கும்போது, மறைச்சிட்டீங்கன்னு கைய விரிச்சிடுவாங்க. ஆமான்னு எழுதி டாக்டர் சர்டிபிகேட் வைங்க. குடுத்தாலும் குடுப்பாங்க, நெஞ்சு சமாச்சாரத்துக்கு மட்டும் பணம் இல்லைன்னாலும் சொல்லுவாங்க. வேணவே வேணாம்னும் சொல்லலாம். நிச்சயமா சொல்லமுடியாது.”

மனைவி என் கையிலிருந்த டைரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். மார்ச் பக்கத்தை வாங்கிப் படித்தாள்.

“நாலு நாளா?” என்றாள். பிறகு, “எழுதுங்க. பொண்ணு வீட்டுல போய் திண்டாட வேணாம்.”

ஏஜெண்ட் பையிலிருந்து புதுப் பாரம் எடுத்துக் கொடுத்தார். ‘ஆம். சாயப் புகையால் மூச்சிரைப்பு. இந்த வருஷம் இதுவரை பத்தொன்பது நாள்’ என்று எழுதினேன். சர்டிபிகேட் இன்னும் இல்லாததால் வெறுங்கையோடுதான் அவர் சைக்கிளேறினார். கிடைத்த பாலிசியை வேண்டாம் என்று வைத்துவிட்டு, எங்களை டாக்டரிடம் அனுப்பிய மனிதர்.

கம்பெனி ஒப்புக்கொண்டது, நெஞ்சையும் சேர்த்தே. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அவள் கப்பலில் போய் மேல்தளத்தில் நின்று கடல் பார்த்து வந்தாள். பாலிசியைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால் அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் குறைந்துவிடவில்லை. அவர் கேட்டிராவிட்டால் அந்த மாத்திரையே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆனால் அன்று மாலை இதெல்லாம் தெரியாது. மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கப் போகவில்லை. காபியும் போடவில்லை. டாக்டர் எட்டு மணிக்குத்தான் நோயாளிகளைப் பார்ப்பார் என்று தெரிந்தும், அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசல் பெஞ்சில் முதல் ஆளாக உட்காரவைத்தேன்.