பவுல்துரையின் சூடு பார்க்கும் பல்பு

ஆரணியில் பட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஆள் யார் என்று கேட்டால், எல்லோரும் பவுல்துரை வீட்டைக் கை காட்டுவார்கள். ஊரே பாவு, சாயம், ஜரிகை என்று ஓடிக்கொண்டிருக்க, மனுஷன் கிடார் செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா தறி செய்கிற தச்சர். மகனும் இருபத்தெட்டு வயது வரை தறிதான் செய்தார். ஒருநாள் சர்ச் பாட்டுக் குழுவின் கிடார் பெஞ்சிலிருந்து விழுந்து உடைந்தது. ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிப் போனவர், முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டார். திருப்பிக் கொடுக்க ஆறு மாதம் ஆனது. பாட்டுக் குழு அதுவரைக்கும் கைதட்டியே பாடியது. ஆனால் திரும்பி வந்தபோது கிடார் ஒன்றல்ல, இரண்டாக வந்தது.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு நாலைந்து கிடார்கள் செய்தார். தேசூர், வந்தவாசிப் பக்கத்து சர்ச்சுகளில் எல்லாம் அவர் செய்ததுதான்.

கிடாரில் பேஜார் பிடித்த வேலை பக்கவாட்டுப் பலகை. மெல்லிசாகச் சீவிய ஈட்டி மரப் பலகையைத் தண்ணீரில் நனைத்து, சூடான இரும்புக் குழாய்மேல் வைத்து அமுக்கி அமுக்கி, இடுப்பு மாதிரி வளைக்க வேண்டும். சூடு குறைந்தால் பலகை முறியும். கூடினால் கருகும். பவுல்துரை உள்ளங்கையைக் குழாய்க்கு மேலே விரற்கடை தூரத்தில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்பார். அந்த "ம்" தப்பினதே இல்லை.

எழுபத்தாறாம் வருஷத்தில் தப்ப ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் மூன்று பலகைகள் கருகின. நாலாவது தடவை கருகல் வாடை வந்தபோது குழாய்மேல் பலகையே இல்லை. அவருடைய சுண்டுவிரல்தான் இருந்தது. மனைவி சாரா ஓடிவந்து கையைத் தட்டிவிட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, இறகு ஒன்றை எடுத்து, "கையில பட்டதும் சொல்லுங்க" என்றார்கள். பவுல்துரை காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். கண்ணைத் திறந்து பார்த்தால், டாக்டர் தடவி முடித்து இறகை மேஜைமேல் வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

தொழுநோய். ஒரு நாள் விடாமல் ஐந்து வருஷம் மாத்திரை சாப்பிட்டார். நோய் போய்விட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொன்னார். கையில் போன உணர்ச்சி மட்டும் திரும்பாது என்றார். அதைக்கூடப் பவுல்துரை தாங்கிக்கொண்டார். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. இந்தக் கை தொட்ட கிடாரை எவன் மடியில் வைத்துக்கொள்வான்? டாக்டர் சொன்னதை வீடு வீடாகப் போய் ஒப்பிக்க முடியுமா? தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒன்று அவர், இன்னொன்று சாரா.

சாரா குழாய்மேல் தண்ணீர் தெளித்துச் சூடு சொல்வாள். ஆனால் அவள் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒன்று. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு கிடார் எப்போது முடியும்?

அந்தச் சமயத்தில்தான் சாராவின் தம்பி மெட்ராஸிலிருந்து வாங்கிவந்த ஆட்டோமேட்டிக் இஸ்திரிப் பெட்டி கீழே விழுந்து உயிரை விட்டது. பவுல்துரை பிரித்துப் பார்த்தார். பிரிப்பதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே. உள்ளே ஒரு சின்னத் தகடு. சூடு ஏறினால் தானாக வளைந்து கரண்டை வெட்டும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். அதைக் குழாயில் பொருத்தி, உள்ளே ஹீட்டர் கம்பிச்சுருளை இறக்கி, பக்கத்தில் ஒரு பல்பு வைத்தார். குழாய் சூடாகிற வரைக்கும் பல்பு எரியும். அணைந்தால் பதம்.

தகட்டோடு வந்த, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் நைலான், பட்டு, கம்பளி, பருத்தி என்று போட்டிருந்தது. பட்டில் வைத்தால் பலகை முறிந்தது. கம்பளிக்கும் பருத்திக்கும் நடுவில் வைத்தால் வெண்ணெய் மாதிரி வளைந்தது.

"ஆரணியில பட்டுக்கு வேலை செய்யாத திருகு இது ஒண்ணுதாண்ணா" என்றான் பன்னீர்செல்வம். ஒரே முற்றத்தில் எதிர்ப்பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்தவன். "கட்டைக்கு ஜுரம் பாக்க மிஷின் கண்டுபுட்சிட்ட. அடுத்தது ஊசி போடுவியா?"

"உன் வாய்க்குத் தையல் போடறேன், போடா" என்றார் பவுல்துரை.

மிஷின் எதற்கு என்று அவனும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. அந்தப் பல்புதான் தன்னுடைய தோல் என்று எப்படிச் சொல்வது?

எண்பத்திரண்டு, பங்குனி மாதம். தேசூர் சர்ச்சுக்கு ஈஸ்டர் கிடார். ஒரு பக்கம் வளைத்தாகிவிட்டது. சாரா பள்ளிக்கூடம் போன பிறகு பவுல்துரை சுவிட்சைப் போட்டார். பல்பு எரியவில்லை.

"போயிடுச்சா" என்று முனகினார். கரண்ட் போவது ஆரணியில் அதிசயமா? கைத்தறிக்குக் கரண்ட் வேண்டாம், அதனால் தெருச் சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, கிடார்க் கழுத்தை உப்புத்தாளால் தேய்க்க உட்கார்ந்தார்.

உண்மையில் கரண்ட் இருந்தது, குழாயும் சூடேறிக்கொண்டிருந்தது. பல்பைத்தான் காலையில் பன்னீர்செல்வம் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுப் போயிருந்தான். அண்ணன் கரண்டுக்காகக் காத்துக் கிடப்பார், அப்புறம் வந்து சிரிக்கலாம் என்று கணக்கு.

அரைமணி நேரம் ஆனது. சும்மா கிடக்கிற குழாயைத் துடைத்தாவது வைப்போம் என்று பவுல்துரை எழுந்தார். வெயில் முகத்தையே பொசுக்கியது, குழாயின் அனல் தனியாகத் தெரியவில்லை. இடது கையால் குழாயை இறுக்கிப் பிடித்து, வலது கையில் துணியோடு ஒரு முனையைத் துடைத்தார். சாவகாசமாகத் துடைத்தார்.

வாடை வந்தது. பட்டு நூல் பொசுங்கினால் மயிர் பொசுங்குகிற வாடைதான் வரும், சாயத்தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"டேய் பன்னீரு, நூலு கருகுதுடா. ஜல்தி வந்து பாரு" என்று குரல் கொடுத்தார்.

காயப்போட்ட நூல் கற்றைகளை விலக்கிக்கொண்டு பன்னீர்செல்வம் சிரித்துக்கொண்டே வந்தான். "என் நூலு ஏண்ணா கருகுது, நீ..." பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். தோல் குழாயோடு நின்றுவிட்டது.

"எரியலியாண்ணா?"

பவுல்துரை கையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "கதவச் சாத்திட்டு வா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, வலது கையால் பல்பை ஒரு சுற்று முடுக்கினார். எரிந்தது. பன்னீர்செல்வம் தலையைத் தூக்கவில்லை.

"லூசா இருந்துச்சு போல" என்றார் பவுல்துரை. "தறி அதிர்வுல கயண்டிருக்கும்."

கைத்தறி அதிர்வில் எந்தப் பல்பு கழன்றது? பன்னீர்செல்வம் வெளியே போய்த் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "என் தொட்டிக் கொதிதண்ணி அண்ணன் கையில ஊத்திடுச்சு, எல்லாம் என் தப்புதான்" என்று அழுதான். கேட்டவர்கள் எல்லாம் அவனைத்தான் திட்டினார்கள். வாய்க்கு வாய் பேசுகிறவன் அன்றைக்கு வாங்கிக்கொண்டு நின்றான்.

ஆஸ்பத்திரியில் இடது கையின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இன்னொரு பலகை வளையாமல் அப்படியே கிடந்தது. அதுதான் கடைசி கிடார் என்று சாராவுக்கும் தெரியும். அவள் பழைய துணியைக் கிழித்துக் கட்டு மாற்றினாள்.

கட்டு பிரிக்கிறதுக்குள்ளேயே ஒருநாள் காலையில் பன்னீர்செல்வம் வந்து பலகையை நனைத்தான். பவுல்துரை ஸ்டூலில் உட்கார்ந்து, "அமுக்கு, பொறுத்து அமுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பலகை முறிந்தது. இரண்டாவதை நனைத்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பல்பு அணைந்தது.

"பல்ப நம்பாத. கைய மேல காட்டிப் பாரு" என்றார் பவுல்துரை.

காட்டினான்.

"சுடுதா?"

"சுடுதுண்ணா."

"எப்டி சுடுது?"

"இன்னாணா கேள்வி இது. சுடறா மாதிரிதான் சுடுது."

"சொல்லேன்டா. எனக்கு மறந்துகினே வருது."

பன்னீர்செல்வம் உள்ளங்கையைக் குழாய்க்கு மேலே விரற்கடை தூரத்தில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டான்.

"ம்" என்றான்.

பவுல்துரை பலகையை எடுத்து நீட்டினார்.