ஒரு காது இயந்திரத்துக்கு

என் சித்தியிடம் பேச வேண்டுமென்றால் அவருடைய இடது பக்கம் போய் நிற்க வேண்டும். வலது பக்கத்திலிருந்து எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்"முக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகள் மட்டும் அதை விடுவதில்லை. "சினிமாவுக்குப் போகட்டுமான்னு வலது பக்கமா நின்னு கேட்டேன், சரின்னுட்டாங்க" என்பாள்.

சித்தி பத்தொன்பது வருடமாக ஆணித் தொழிற்சாலையில் செட்டர். ஆறு இயந்திரங்களைப் பொருத்தி ஓடவிட்டுக் கவனிப்பது அவர் வேலை. ஒரு பக்கம் கம்பிச் சுருள் உள்ளே போகும். பஞ்ச் என்ற இரும்புக் கட்டை ஓங்கி அடித்து ஆணியின் தலையை உண்டாக்கும், கத்தி முனையை வெட்டும், ஆணி தகரத் தட்டில் விழும். நிமிடத்துக்கு இருநூறு ஆணிக்கு மேல். ஆறும் ஓடும்போது கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

நிர்வாகம் காதில் செருகிக்கொள்ள நுரைத் தக்கை கொடுத்திருந்தது. செட்டர்கள் நால்வரும் அதை இடது காதில் மட்டும் வைப்பார்கள். வலது காது இயந்திரத்துக்கு. பஞ்ச் தேயத் தொடங்கினால் அடியின் சத்தம் லேசாக மழுங்கும். அதைக் காதால் பிடித்து, ஆணி கெடுவதற்குள் நிறுத்துபவர்தான் அங்கே கெட்டிக்காரர். இப்படிச் செய்யும்படி எவரும் சொன்னதில்லை. ஆனால் இரண்டு காதையும் மூடிக்கொண்டு நிற்பவரை, கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுபவரைப் போலப் பார்ப்பார்கள்.

போன வருடம் ஒரு காலை, நான்காம் இயந்திரத்தின் பஞ்ச் உடைந்து அரை மணி நேரம் அப்படியே ஓடிவிட்டது. சித்தி அதன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். அடுத்த வரிசை செட்டர் ஓடி வந்து நிறுத்தினார். அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். இரைச்சலை மீறிப் பேசிப் பேசி, தெருவிலும் அவருக்கு அதே குரல்தான்.

"என்னடி, நின்னுக்கிட்டே தூங்கறியா? பெட்டி முழுக்க மொட்டை ஆணி."

"சத்தம் மாறவே இல்லையே."

"மாறிச்சு. எனக்கே அங்க கேட்டுச்சு."

சித்தி மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காதுப் பரிசோதனைக்குப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

சிறிய அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதின் முறை வந்தபோது அவர் விரல் வெகுநேரம் சும்மா இருந்தது. பரிசோதித்த பெண் காகிதத்தில் இரண்டு கோடுகளைக் காட்டினார். வலது காதின் கோடு, மெல்லிய கீச்சொலிகள் இருக்கும் இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. இடது காதிலும் அதே இடத்தில் ஒரு சரிவு.

"உள்ள சத்தத்தை வாங்கற செல்லுங்க செத்துப்போச்சும்மா. அது திரும்ப வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"இடதுல தக்கை வச்சிருந்தேனே."

"எட்டு மணி நேரமுமா?"

"யாராவது பேசினா எடுப்பேன்."

"இந்த மாதிரி சத்தத்துல கால் மணி நேரம் திறந்திருந்தாலே அன்னிக்குத் தாங்கற அளவு முடிஞ்சுடும். எங்க, எப்படி வைப்பீங்கன்னு காட்டுங்க."

சித்தி தக்கையைக் காது வாசலில் ஒட்டவைப்பதுபோல் வைத்தார். அந்தப் பெண் அதை எடுத்து, விரலால் ஊசிபோல் உருட்டி, மறு கையால் காதை மேல்நோக்கி இழுத்து உள்ளே செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொண்டார். சித்தியின் முகம் மாறியது. அத்தனை வருடத்தில் தக்கை ஒருநாள்கூடச் சரியாக உள்ளே போனதில்லை.

காகிதத்தைப் பார்த்த தொழிற்சாலை மேற்பார்வையாளர் மென்மையாகத்தான் பேசினார். "பேக்கிங் பக்கம் போயிடுங்கக்கா. அங்க சத்தம் கம்மி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் இடத்துக்கு வர்றவங்களும் ஒரு காதைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு அவங்களையும் பேக்கிங்குக்கு அனுப்புவீங்களா? ஒரு மாசம் குடுங்க. ரெண்டு காதையும் மூடிக்கிட்டு ஓட்டறேன். கழிவு ஆணி கூடுச்சுன்னா நானே போயிடறேன்."

அன்று மாலை சோபாவில் உட்கார்ந்து தக்கையைச் செருகிப் பழகினார். சித்தப்பா மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே எந்தப் பக்கம் நின்னும் பிரயோஜனம் இல்ல" என்று டீயைத் தானே போட்டுக்கொண்டார்.

காது செய்த வேலையைக் கையிடம் கொடுத்தார் சித்தி. ஆணித் தலை சரியாகப் பொருந்தும்படி ஓர் இரும்புத் தகட்டில் குழி போட்டுக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஐந்து ஆணிகளை எடுத்து, தலையைக் குழியில் வைத்துப் பார்த்து, முனையைக் கட்டைவிரலால் தடவி, பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு. இரண்டாம் வாரம் முனை மழுங்கிய ஒரு பெட்டி தப்பிவிட்டது. மேற்பார்வையாளர் பெட்டியைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை. அதே வாரம், ஆணி விழும் தட்டுகளில் பழைய ரப்பர் பட்டையை வெட்டி ஒட்டினார். இரைச்சலில் ஒரு பங்கு அந்தத் தகரத்திலிருந்துதான் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"ஆணிக்கு மெத்தை போட்டாச்சு. தலகாணி எப்போ?" என்றார் ரேடியோ.

"நீ முதல்ல உன் காதுக்குக் கதவு போடு."

மாதக் கடைசியில் கழிவை எடை போட்டார்கள். முந்தைய மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவு. மேற்பார்வையாளருக்கு நம்பிக்கை வரவில்லை. நான்காம் இயந்திரத்தின் அருகே வந்து, ஒரு காதுத் தக்கையை எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். சித்தி சிவப்புப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் நின்றது.

"ஏன்க்கா நிறுத்தினீங்க?"

"நீங்க காதைத் திறந்தீங்க, அதான். ஓடறப்போ ஆணியைப் பாருங்க."

சித்தி அவருடைய உள்ளங்கையில் ஐந்து ஆணிகளை வைத்தார். மேற்பார்வையாளர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பேக்கிங் பற்றி மறுபடி பேச்சு எடுக்கவில்லை.

இந்த வருடப் பரிசோதனையில் வலது காது அப்படியேதான் இருக்கிறது. இடது காதின் கோடு போன வருடத்தைவிட இறங்கவில்லை. மற்ற மூன்று செட்டர்களும் இப்போது தகடும் சாக்பீஸும் வைத்திருக்கிறார்கள். தன் ஆறு இயந்திரங்களைச் சுற்றியும் சத்தம் அடக்கும் கூண்டு வேண்டும் என்று சித்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கு வந்துவிட்டது. மீதி ஐந்துக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலக வாசலில் போய் நின்று கேட்கிறார்.