ஈட்டி விழும் இடத்தில் நின்ற அப்பா

ஒரு விபத்தை முன்னிட்டு மட்டுமே என் தந்தை நினைவுகூரப்படுவதை நான் விரும்பவில்லை. ஆனால் அந்த விபத்தைத் தவிர்த்துவிட்டு அவரைப் பற்றி நேர்மையாக எழுதவும் முடியாது. ஆகவே தொடக்கத்திலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன்.

இளமையில் அவர் ஈட்டி எறிந்தவர். அந்த விளையாட்டுதான் பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. வேலையில் சேர்ந்த மறு ஆண்டே வலது தோளின் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் அந்தக் கை காதுக்கு மேலே உயரவில்லை. சட்டை அணியும்போது வலக்கையைத்தான் முதலில் நுழைப்பார். முதுகுப்பக்கம் சுற்றி மற்றக் கையை நுழைப்பதற்குள் முகம் சுளித்துவிடும். எறிய முடியாமல் போனவர் பிறரை எறிய வைக்கத் தொடங்கினார். விடிந்ததும் மைதானம், பிறகு கிடங்கு, மாலையில் மறுபடியும் மைதானம்.

"சம்பளம் டிப்போவுல, குடித்தனம் மைதானத்துல. இந்த வீட்டுல நாங்கதான் உங்களுக்கு விருந்தாளி," என்று அம்மா குத்திக்காட்டுவார். அப்பா சிரித்துக்கொண்டே காலணியின் கயிற்றைக் கட்டுவார்.

அவருடைய பயிற்சி முறை ஒன்று வேறு எவரும் பின்பற்றாதது. எறிபவர் எட்ட வேண்டிய தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொள்வார். அவர் இடக்கையைத் தூக்கி இறக்கினால் ஓடி வர வேண்டும். ஈட்டி தன்னை நோக்கி இறங்கும்வரை அண்ணாந்து பார்த்திருந்துவிட்டு, கடைசி நொடியில் சற்றே விலகுவார். தரையில் கிடக்கும் கோடு யாரையும் கூப்பிடாது, நிற்கிற மனிதன்தான் கூப்பிடுவான் என்பது அவர் வாதம். விதிப்படி அந்தப் பரப்பில் எவரும் நிற்கக் கூடாது. விதியைச் சொன்னால் தன் உடம்பில் ஒரு கீறலாவது இருக்கிறதா என்று கேட்பார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கோடு சார்'.

மைதானக் காவலர் ஒருவர் மட்டும் விடாமல் எச்சரித்துவந்தார்.

"சார், ஈட்டிக்குக் கண்ணு கிடையாது."

"எனக்குத்தான் ரெண்டு இருக்கே. பத்தாதா?"

"பத்தும் சார். ஆனா உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலையில்ல போகும்?"

அவருடைய கடைசி மாணவி செவிலியர் படிப்பில் இருந்தாள். நீண்ட கைகால்களைப் பார்த்து 'கொக்கு' என்று அப்பாவே பெயர் வைத்தார். அந்த ஆண்டு தேசிய அணித் தேர்வுக்கு அவளைத் தயார்செய்துகொண்டிருந்தார்.

அதே ஆண்டில்தான் அவர் கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. நேர் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றி இருப்பது தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைக் கையால் தடவித் தேடினார். விடுதியில் தங்கிப் படித்த எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். கண்மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறிக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

"கண்ணு சரியில்லாதவர் அங்க போய் நிக்கலாமா?" என்று அம்மா சண்டை போட்டிருக்கிறார்.

"நான் நின்னாத்தான் அவ எறியுறா. தேர்வு முடியட்டும், அப்புறம் ஓரமா நாற்காலி போட்டு உக்காந்துக்கிறேன்."

தேர்வு நெருங்கிய ஒரு காலையில் கொக்கு எறிந்த ஈட்டி அவர் தொடையில் பாய்ந்தது. மற்றவர்கள் அப்பால் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்ததால், அவர் விழுந்ததைப் பார்த்தார்களே தவிர, கை காட்டினாரா என்பதை எவரும் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் கொக்கு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அப்பா அவளிடம் கேட்டது இதுதான்: "கோட்டைத் தாண்டுச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தாண்டலையா? அப்ப எழுந்து வந்து உன்னைக் கவனிச்சுக்கிறேன்."

எழுந்து வரவில்லை. புண்ணில் தொற்று ஏறி இரத்தத்தில் கலந்தது, நினைவு தப்பியது, ஒரு பிற்பகலில் இறந்துபோனார்.

விளையாட்டுச் சங்கம் மூவர் குழுவை அமைத்து விசாரித்தது. மாணவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "கோடு சார் கணக்கு தப்பவே தப்பாது. கை காட்டுறதுக்கு முன்னாடியே அவ எறிஞ்சிருக்கா." அவர்களுக்கு அவள்மேல் பகை எதுவும் இல்லை. அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை அப்படிப் பேச வைத்தது. குற்றம் உறுதியானால் அவளுக்கு ஆயுள் தடை. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு. கல்லூரியும் அவளை வெளியேற்றும். அந்த நாட்களில்தான், மைதானத்தின் புதிய ஓடுபாதைக்கு அப்பாவின் பெயரைச் சூட்டப்போவதாகச் சங்கம் அறிவித்தது.

அறிவிப்பு வந்த அன்று மாலை அம்மா கண் விஷயத்தை என்னிடம் சொன்னார்.

"வெளிய சொன்னா, தன் மேலயே ஈட்டியை இழுத்துக்கிட்டவர்னு ஆயிடும். போனவருக்கு அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம்."

"சொல்லலைன்னா அவ வாழ்க்கையே போயிடும்மா."

அம்மா கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கொக்கு வந்தாள். வாசற்படி ஏறாமல் வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாடி."

"இல்லம்மா. நாளைக்கு விசாரணையில ஒத்துக்கப்போறேன்."

"என்னத்த ஒத்துக்கப்போற?"

"சார் கை இறங்கினதைப் பார்த்துட்டுத்தான் ஓடினேன்னு நினைச்சேன். ஆனா சார் கண்ணு தப்பு பண்ணுமா? அப்ப நான்தான் பார்க்காம எறிஞ்சிருக்கணும். யோசிச்சு யோசிச்சு எனக்கே எதுவும் ஞாபகம் இல்ல."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவளை அனுப்பிவைத்துவிட்டு வெகுநேரம் வாசலிலேயே இருந்தார்.

விசாரணை அறைக்கு மறுநாள் முதலில் போய்ச் சேர்ந்தவர் அம்மாதான். கண்மருந்துப் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவின் பார்வை சுருங்கியிருந்ததைச் சொன்னார். கண்மருத்துவரும் பின்னர் அதை உறுதிசெய்தார்.

"இதை முதல்லயே ஏன் சொல்லலை?" என்று தலைவர் கேட்டார்.

"புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரலைங்க. அந்தப் பொண்ணை விட்டுக்கொடுக்கவும் வரலை. அதுலதான் இவ்வளவு நாளாச்சு."

கொக்கு விடுவிக்கப்பட்டாள். ஓடுபாதைக்கு நன்கொடையாளர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். அப்பாவுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பாதி நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பழைய மாணவர் ஒருவர் அம்மாவிடம் நேருக்கு நேராக, "ஊரே மெச்சின மனுஷரை நீங்களே குருடர் ஆக்கிட்டீங்களேம்மா," என்றார். அம்மா படிகளில் இறங்கும்போது என் தோளைப் பற்றிக்கொண்டார்.

கொக்கு அதன்பின் ஈட்டியைத் தொடவில்லை. சில வாரங்கள் கழித்து வீட்டுக்கு வந்தாள்; இம்முறை உள்ளே வந்து உட்கார்ந்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா, அன்னைக்கு நானாவது சாருக்குத் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சிருப்பம்மா. நேரா இருக்கிறது அவருக்கு நல்லாத் தெரியும். நீ ஓடி வந்தது, கையை வீசினது, எல்லாம் பார்த்திருப்பாரு. உன் கையை விட்டு மேல போனதுதான் தெரிஞ்சிருக்காது."

"அப்ப என்னையே பார்த்துட்டு நின்னாரா?"

"ஆமா."

அதுவரை எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதவள், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அவளைத் தேற்றவில்லை.