பிளேனுக்கு வழிவிடாத பிக்கப்

பிள்ளைகளா, நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து உங்களைப் பழைய விமான நிலைய மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். வந்ததும் வராததுமாக, நம் கடை இருக்கிற ரோடு ஒருகாலத்தில் ரன்வேயாக இருந்தது என்று எனக்கே இங்கிலீஷில் பாடம் எடுத்தீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இந்த ஒரு பாடம் உங்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். அதற்காக ஒரு பிக்கப் வண்டியோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. ஷார்ஜாவில் இதே ரோட்டில்தான் என் வாப்பாவின் மளிகைக் கடை, மாடியில் வீடு. கடையில் கூடமாட இருந்தவர் மாமா, அதாவது என் உம்மாவின் தம்பி. இங்கே யாரும் காரை விட்டு இறங்க மாட்டார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். மாமா ஓடிப்போய்க் கேட்டுவந்து, ரொட்டியோ தயிரோ ஜன்னல் வழியாக நீட்டுவார். அவர் பின்னாலேயே நான் ஓடுவேன்.

ஒருநாள் மாமா ஊருக்குக் கிளம்பினார். அட்டைப்பெட்டிக்குக் கயிறு சுற்றி, மேலே பெரிய எழுத்தில் பேர் எழுதியாயிற்று. நானும் வருவேன் என்று அந்தப் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உம்மா கெஞ்சினார், வாப்பா அதட்டினார். நான் இறங்கவில்லை. மாமாதான் பக்கத்தில் வந்து குந்தினார்.

"மருமவனே, இந்த ரோடு ஏன் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா கெடக்கு, தெரியுமா?"

"தெரியாது."

"சண்டைக் காலத்துல வெள்ளக்காரப் பட்டாளம் இங்கதான் பிளேன் எறக்குனாங்க. பக்கத்துலயே கூடாரம் போட்டுக் கெடந்தாங்க. வெயில் தாங்காம றெக்கைக்குக் கீழ படுத்துக்குவாங்களாம். பிளேன் வரும், எண்ணெ ஊத்திக்கும், போயிரும்."

"இப்பவும் எறங்குமா?"

"எறங்காம? நான் ஏறுன ஒடனே பைலட்டுக்கிட்ட சொல்லிர்றேன். நம்ம கடை வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கும். நீ ஏறிக்க. ஆனா ஒரே ஒரு சட்டம். ரோட்டுல ஒத்த வண்டி நிக்கக் கூடாது."

நான் பெட்டியை விட்டு இறங்கினேன். மாமா டாக்சியில் போய்விட்டார்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வேலையைத் தொடங்கினேன். பள்ளிக்கூடப் பையில் இரண்டு சட்டை, ஒரு பல் பிரஷ். ஓடுகிற வண்டிகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சட்டம் நிற்கிற வண்டிகளுக்குத்தானே! வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு காரிடமும் போய், "மாஃபி! கலாஸ்! யல்லா, யல்லா!" என்று, இல்லை, தீர்ந்துபோச்சு, கிளம்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த அரபியையெல்லாம் சொல்லிக் கையை வீசினேன். கடையில் ஒன்றுமில்லை போலும் என்று அவர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். உள்ளே வாப்பா, "என்ன இது, அவன் போன அன்னைக்கே யாவாரமும் கூடப் போயிருச்சா?" என்று தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மிஞ்சியது ஒரு பிக்கப். பின்னால் முழுக்கத் தர்பூசணி. டயர் பஞ்சர். அதன் நிழலில், அதை ஓட்டிவந்த, உருது பேசுகிற பட்டாண் பாய் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"பாய், ஜல்தி! பிளேன் வருது, பிளேன்!" என்று கையைச் சிறகாக்கிக் காட்டினேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆனே தோ," என்றார். வரட்டுமே என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்துவிட்டு, பைலட்டுக்குத் தர்பூசணி வேண்டியிருக்குமா என்றும் கேட்டார்.

நான் முதுகைக் கொடுத்துப் பிக்கப்பைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. தலைக்குமேல் பிளேன். பையைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். அது தாழவே இல்லை. கடல் பக்கமாகப் போயே போய்விட்டது.

நான் பஞ்சர் டயரை உதைத்து அழுதேன். வாப்பா ஓடிவந்து முழுக் கதையையும் கேட்டார். யாவாரம் போன மர்மம் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டாண் பாய் எனக்குப் பாதித் தர்பூசணியை வெட்டிக் கொடுத்தார். எதிரியின் பழம்தான், இருந்தாலும் தின்றேன்.

அந்த வாரக் கடைசியில் ஊரிலிருந்து மாமாவின் போன் வந்தது. வாப்பா பத்து நிமிடம் பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"ஏன் மாமா எறங்கல?"

"வந்தேனே மருமவனே! மேலேருந்து பாத்தா ஒரு பிக்கப்பு நிக்கிது. தர்பூசணி வண்டி. பைலட்டு முடியாதுன்னுட்டான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. தர்பூசணி வரைக்கும் பார்த்திருக்கிறார்!

அதன்பிறகு பல வருஷம் பிக்கப் வண்டிகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. மாமாவின்மேல் மட்டும் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவருக்கு விசா புதுப்பிக்கவில்லை, இனி வரவே மாட்டார் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த ரோட்டில் வண்டி நிற்காத நிமிடமே கிடையாது என்பது, அத்தனை வருஷம் ஹாரனுக்கு ஓடிய மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் கடை திறக்க நான் மட்டும் வந்தேன். ரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காலி. நின்றது என் கார் ஒன்றுதான். ஷட்டருக்குக் குனிந்தபோது மேலே ஒரு பிளேன் சத்தம் கேட்டது. நான் திரும்பிப்போய், காரைக் கிளப்பிப் பின்சந்துக்குள் விட்டுவிட்டு வந்தேன்.