இல்லாத பல்லின் சுரம்

நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில், எங்கள் ரெக்கார்டிங் அறையில். இன்று நினைத்தாலும் பயத்தைவிட எனக்குக் கோபம்தான் அதிகம் வருகிறது.

பழைய இசைப்பெட்டிகளின் பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பது எனக்கும் என் தம்பிக்கும் தொழில். அன்று ஒரு பெரியவரின் பெட்டி வந்திருந்தது. சாவி கொடுத்தால் உள்ளே உருளை சுற்றும். அதிலுள்ள முட்கள் ஓர் இரும்புச் சீப்பின் பற்களை மீட்டும். ஒரு பல்லுக்கு ஒரு சுரம். இந்தப் பெட்டியில் ஒரு பல் உடைந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் பாட்டு ஊமையாகும். நாங்கள் அதை அப்படியேதான் பதிவோம். இல்லாததைச் சேர்ப்பது எங்கள் தொழிலில் திருட்டு.

பதிந்து முடித்துப் போட்டுக் கேட்டேன். ஊமையான இடத்தில்... சுரம் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், யாரைக் கேட்டு ஒட்டுப் போட்ட?"

"நான் தொடவே இல்லக்கா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. நாளைலேருந்து இங்க வராத!"

அவன் முகம் செத்துவிட்டது. "உன் கண்ணு முன்னாடியே இன்னொரு தடவை பதி. அப்புறம் போறேன்."

பதிந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். என் காதுக்கு அந்த இடம் ஊமையாகத்தான் இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை ஓட்டினேன்.

ம்ம்...

இரும்பின் ஒலி இல்லை. குரல். குழந்தைக் குரல்.

அடுத்த சுற்று. ம்ம்... மூச்சு இரைத்தது.

அடுத்தது. தாமதமாக... பதறி...

கடைசிச் சுற்று. குரல் வரவில்லை.

ஒரு விசும்பல்.

"மன்னிச்சிடுடா" என்றேன். ஹெட்போனை வாங்கி அவனும் கேட்டான். என் கையை விடவே இல்லை.

பெரியவருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"குரல் வந்துச்சா? அதை மட்டும் அழிச்சுக் குடும்மா."

"யாரு அது?"

"என் தங்கச்சி. ஆறு வயசு. பல்லை உடைச்சது அவதான்னு அப்பா நினைச்சுட்டார். அந்தச் சுரத்தை இனி நீயே பாடுன்னு பெட்டி பக்கத்துல நிக்க வெச்சார். காய்ச்சல்லயும் விடல. பாடிக்கிட்டே விழுந்தவ... எந்திரிக்கல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்ப உடைச்சது யாரு?"



"நான்தான். பயந்துக்கிட்டு சொல்லல. அப்பா சாவி கொடுக்கச் சொன்னார்... அதையும் நான்தான் கொடுத்தேன்."

"அழிக்க மாட்டேன்யா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.