ஆஃப்லைனில் எரிந்த விளக்கு

பேய், ஆவி என்று யாராவது என்னிடம் கதை சொல்ல வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, அது எந்த வருடம், என்ன கிழமை என்பதுதான். பெரும்பாலான பேய்கள் அந்தக் கேள்வியிலேயே ஓடிவிடும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கண்மாயை யார் வெட்டினார்கள், எந்தக் கோயிலுக்கு எந்த வருடம் கும்பாபிஷேகம் என்று சேத்தூரிலிருந்து கூமாப்பட்டி வரை அலைந்து விசாரித்து எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன், ஆனால் தேதி இல்லாத செய்தியைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

நடந்தது போன வருடம், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கிழமையில் சந்தேகத்துக்கே இடமில்லை. அன்றைக்கு நான் ஏறிய ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் முழுக்கத் திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம். அந்தப் பெரிய திருவண்ணாமலை இல்லை, எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை, மலைமேல் பெருமாள் இருக்கிற ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இந்தப் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

நான் போனது சாமி கும்பிட அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் பேச்சைக் கேட்டு எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை, அதைச் சரிசெய்ய.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பங்குனியில்தான் காலமானார். பெயர் குருசாமி. பெயரை ஏன் சொல்கிறேன் என்றால் தொல்லையே அந்தப் பெயரில்தான் இருந்தது. அவர்களுடைய ஒரே மகன் செந்தில் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அப்பா உயிரோடு இருந்தபோது, படுக்கையறையின் பழைய சுவிட்சுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்ட டச் போர்டு ஒன்றை மாட்ட ஏற்பாடு செய்தான், மேசைமேல் ஒரு ஸ்பீக்கரும் வந்தது. அதைக் கூப்பிட்டு, விளக்கின் பெயரைச் சொல்லிப் போடு என்றால் எரியும். அந்தப் பெயரைப் போனில் நாமே வைத்துக்கொள்ளலாம். அத்தான் என்ன செய்தார் தெரியுமா, 'குருசாமி லைட்' என்று வைத்தார். ஃபேனுக்குக் 'குருசாமி ஃபேன்'.

எல்லாம் விஷமம். அக்கா கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர் முகத்தைப் பார்ப்பாள், அவர் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதம் தெருவில் மாலை போட்டவர்கள் எல்லாம் தங்கள் குருசாமியைக் குருசாமி என்றே கூப்பிட, இவள் மட்டும் 'மூத்த சாமி' என்பாள். இந்த வயதிலாவது ஒரு தடவை அவள் வாயால் தன் பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. அக்கா அசைந்து கொடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே "ஏங்க, லைட்டப் போடுங்க" என்பாள், அவர் முனகிக்கொண்டே எழுந்து போய்ப் போர்டில் விரலை வைப்பார், அது 'டிங்' என்னும். விஞ்ஞானம் அந்த வீட்டில் அதற்குமேல் நுழையவில்லை.

அத்தான் போன பிறகு அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. ஆவணியில் பட்டப்பகலில் வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். செந்தில் பயந்துவிட்டான். தனியாக இருந்தது போதும், வந்து கூட்டிப்போகிறேன் என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டான். அவன் இருப்பது பதினாலாவது மாடி. அங்கே போனால் திரும்ப வர மாட்டோம் என்று அக்காவுக்குத் தெரியும். அழுது கேட்டதில் அவன் ஒரே ஒரு நிபந்தனையில் இறங்கி வந்தான். சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் வருவான். அம்மா கட்டிலை விட்டு எழாமல் லைட்டையும் ஃபேனையும் போட்டுக் காட்டினால் அங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் புதன்கிழமை வந்து கூட்டிப்போவான்.

என்னைப் பார்த்ததும் அக்கா, "ஏலே மணி, கோவிந்தா கூட்டத்துல நசுங்கியா வந்த? ஒன் சட்டையெல்லாம் நாமமா இருக்கு" என்றாள்.

"அது கெடக்கட்டும். லைட்டு என்ன சொல்லுது?"

"அது என்ன சொல்லும்? நாந்தான அதுகிட்டச் சொல்ல முடியாமக் கெடக்கேன்."

பெயரை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நான் உட்கார்ந்தேன். முதலில் நானே ஸ்பீக்கரைக் கூப்பிட்டுக் 'குருசாமி லைட்டைப் போடு' என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சாதனம் பதிலளிக்கவில்லை என்று பெண் குரல் சொன்னது. வைஃபை சரியாகத்தான் இருந்தது, போர்டுதான் அதில் சேரவில்லை. போர்டின் கண்ணாடியை விரலால் அழுத்திப் பிடித்து, நீலப் புள்ளி சிமிட்டியதும் என் போனில் சேர்க்கப் பார்த்தால், இது வேறொருவர் கணக்கில் இருக்கிறது என்று வந்தது. அத்தான் கணக்கு. அவர் போனைத் திறக்க எண் யாருக்கும் தெரியாது. செந்திலுக்குப் போன் போட்டேன்.

"அப்பா போன்லருந்து எடுத்தாத்தான் மாமா வரும். எனக்கு ஆன், ஆஃப் பண்ற அளவுக்குத்தான் கொடுத்திருந்தாரு. அதுவும் இப்ப ஆஃப்லைன்னு காட்டுது. இங்கேருந்து என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

இந்தச் சாமான்களுக்கெல்லாம் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. ரூட்டரை அணைத்தேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பிச் செத்த நேரம்தான் ஆகியிருந்தது, ஆனால் மேற்கே மலைப்பக்கம் மழை கட்டி அறை திடீரென்று இருண்டுவிட்டது. அக்கா கட்டிலில் கால் நீட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

தலையை நிமிர்த்தாமல் அவள் சொன்னாள், "ஏங்க, லைட்டப் போடுங்க."

பாவம், பழக்கம் விடவில்லை என்று நினைத்தேன். என்னிடம் சொல்லவில்லை என்பது புரிந்தது, ஆனாலும் எழுந்து நானே போடலாம் என்று கையை ஊன்றினேன். கதவோரம் சுவரில் போர்டு 'டிங்' என்றது. லைட் எரிந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் எழுந்திருக்கவில்லை, பாதி எழுந்த நிலையில் அப்படியே இருந்தேன், என் கையில் பிடுங்கிய வயர், ரூட்டர் செத்துக் கிடக்கிறது, போர்டின் பக்கத்தில் ஆள் இல்லை, அறையில் நாங்கள் இரண்டே பேர். அக்கா அடுத்த பூண்டை எடுத்தாள்.

"அக்கா, லைட்டு எரியுது."

"ஆமா, செத்த நேரம் ஆகும். அவியளுக்கும் மூட்டுவலி உண்டும்லா, எந்திரிச்சு வரணும்ல."

அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, பால்காரர் வர நேரமாகும் என்பதுபோல. நான் என்னென்ன செய்து பார்த்தேன் என்று எல்லாம் சொல்லி உங்களைச் சலிக்க வைக்க மாட்டேன். அவள் சொன்ன அதே வார்த்தைகளை நான் சொன்னேன், அவள் குரல் மாதிரியே வைத்துக்கூடச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை, அக்கா சிரித்ததுதான் மிச்சம். "ஏலே, ஒனக்கு அவிய எதுக்குப் போடணும்?" என்றாள். போர்டு தானாகப் பழுதாகி எரிகிறது என்று வைத்துக்கொண்டால் அவள் சொல்லும்போது மட்டும் ஏன்? அதற்குக் காது கிடையாது, கேட்கிற மைக் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது, ஸ்பீக்கரின் வயர் என் கையில் இருக்கிறது. அணைக்கும்படி அவளைச் சொல்லச் சொன்னேன். அணைந்தது. மறுபடி போடச் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து எரிந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது, "போதும்லே, அவியள நடக்க வைக்காத" என்று கோபப்பட்டாள்.

"பின்ன எதுக்கு என்னைய வரச் சொன்ன? லைட்டுதான் எரியுதே?" என்றேன்.

அப்போதுதான் அவள் பூண்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "இதைச் செந்திலுகிட்டச் சொல்ல முடியுமாலே? அம்மாவுக்குப் பித்துத் தலைக்கு ஏறிருச்சும்பான். அடுத்த ரயிலுலயே வந்து தூக்கிட்டுப் போயிருவான். நான் அங்க போயிட்டா இங்க இவியளுக்கு ஆரு? நீ ரிப்பேர் பண்ணிட்டன்னு சொல்லு. ஒம் பேச்சை நம்புவான்."

ஒரு கல்வெட்டில் ஒரு எழுத்தைக்கூட ஊகித்து எழுத மனம் வராதவன் நான். ஆனால் சரி என்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்வதானால், அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒப்புக்கு ரூட்டரையும் ஸ்பீக்கரையும் மறுபடி போட்டு வைத்தேன். ஆறு மணிக்கு மேல் செந்தில் வந்தான். லைட்டை அணைத்திருந்தோம். அக்கா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். நான் பழைய இடத்திலேயே தரையில்.

"மாமா சரி பண்ணிட்டாங்களாம்மா? எங்க, போடுங்க பாப்போம். பேரைச் சொல்லித்தான் போடணும். இந்த ஒரு தடவை சொல்லிருங்கம்மா, ஒண்ணும் ஆகாது."

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். பெயரைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மகன் காத்திருக்கிறான். பதினாலாவது மாடி காத்திருக்கிறது. கடைசியில் அவள் போனைப் பார்க்காமல் கதவுப் பக்கம் பார்த்து, தணிந்த குரலில் சொன்னாள்.

"ஏங்க, பய பாக்கான். போடுங்க."

ஒன்றும் ஆகவில்லை. செந்தில் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அம்மா, இதுக்குத்தான் சொல்றேன்..." என்று அவன் ஆரம்பித்தபோது 'டிங்' என்றது.

லைட் எரிந்தது. அவன் இன்னொரு போனை எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. "ஆஃப்லைன்னுதான காட்டுது... மாமா எங்க? மாமா போட்டாங்களா?"

அக்கா போனைத் திருப்பித் தரையில் இருந்த என்னைக் காட்டினாள். பிறகு கதவோரத்துப் போர்டைக் காட்டினாள். அங்கே யாருமில்லை.

"போர்டையே காட்டிட்டு இருங்கம்மா. ஃபேன்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"ஏங்க, ஃபேனும் வேணுமாம்."

இந்த முறை நான் போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செந்திலும் எடுத்திருக்க மாட்டான். ஃபேனுக்கு உரிய நீலப் புள்ளி ஒரு நொடி மறைந்தது, கண்ணாடிக்கு முன்னால் எதுவோ வந்ததுபோல. 'டிங்'. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

அந்தப் பக்கம் செந்தில் இன்னொரு போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாமா, நல்லா ரிப்பேர் பண்ணிருக்கீங்க" என்றான். "டிக்கெட்டை நான் கேன்சல் பண்ணிருதேன். நீங்க அங்கயே இருங்கம்மா." வைக்கப்போனவன் நிறுத்தி, "ஃபேனைக் கொஞ்சம் கொறச்சு வைக்கச் சொல்லுங்கம்மா. ஒங்களுக்குச் சளி பிடிச்சிரும்" என்றான்.

யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. நானும் இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை.

ராத்திரி தங்கிவிட்டுப் போ என்று அக்கா சொன்னாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் கம்பை ஊன்றி வாசல்வரை வந்தாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு பேருமே படுக்கையறையை விட்டுத் தள்ளி முன்வாசலில். உள்ளே 'டிங்' என்று கேட்டது. பின்னாலேயே இன்னொரு 'டிங்'. படுக்கையறை லைட் அணைந்து, ஃபேனும் நின்றுவிட்டது. அக்கா ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"ஆளில்லாத ரூமுல எரிஞ்சா அவியளுக்குப் பொறுக்காது. நீ பாத்துப் போ" என்றாள்.

அக்கா அங்கேதான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். பலரிடம் விசாரித்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் ஒருவர் ஈரம் என்றார், இன்னொருவர் வோல்டேஜ் என்றார். இரண்டையும் நம்ப எனக்கு மனப்பூர்வமான சம்மதம்தான். ஆனால் ஒன்று. எங்கள் வீட்டில் சாதாரணச் சுவிட்ச்தான், தட்டினால் எரிகிற பழைய சுவிட்ச். என் மனைவியும் கட்டிலில் இருந்தபடி, "ஏங்க, லைட்டப் போடுங்க" என்று சொல்கிறவள்தான். முன்பெல்லாம் படிக்கிற பக்கத்தை முடித்துவிட்டு மெதுவாக எழுவேன். இப்போது புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நான் எழுந்து போவதற்குள் அது எரிந்துவிடக் கூடாதே என்று.